மழைச் சத்தம் கேட்டால் ஓடிவரும் பிள்ளைகள்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், நகரம் முடிந்த சற்று நேரத்தில் தேயிலை மலைகள் தொடங்கிவிடும். காலையில் லயத்துப் படிகளில் எங்கும் ஒரே காட்சிதான். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தலையில் கொழுந்துக் கூடை. பிரட்டுக்கு முன் பிள்ளைகளைக் காம்பராவில் விட்டாக வேண்டும். ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாறிப் பல வருடங்களானாலும் தோட்டத்துச் சனங்களுக்கு அது பிள்ளைக் காம்பராதான்.

ஒரு காலத்தில் பிள்ளை விழாமல், பசியில் அழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருந்த இடம் அது. இன்று பாட்டும் கதையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாய் கொழும்பிலோ குவைத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இரவில் பாட்டி, பகலில் டீச்சர். பிள்ளையின் முகம் வாடுவதை முதலில் காண்பவரும் அந்த டீச்சர்தான்.

ஊவாவில் இது சாதாரண விடயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்; சிலருக்குத் திரும்பிப் போக வீடுமில்லை, பெற்றோருமில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோதும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளை ஒன்று.

புயலுக்குப் பின் முன்பள்ளி ஆசிரியைகளுக்கான ஒருநாள் செயலமர்வு ஒன்றுக்குப் போயிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூலின் மூன்று சொற்கள்தான் பாடம்: பார், கேள், இணை. வைத்தியர் அல்லாதவரும் செய்யக்கூடியது இது. நடந்ததைச் சொல்லும்படி பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டும், சாப்பாடும் தூக்கமும் விளையாட்டும் வழக்கமான நேரத்தில் நடக்க வேண்டும். பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால் ஏசக் கூடாது. களிமண்ணால் மலை கட்டி, அதை இடித்து இடித்து விளையாடினால் தடுக்காமல் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை எழுந்து கேட்டார்: “தகரத்துல மழைச் சத்தம் கேட்டா பிள்ளைக எல்லாம் ஓடிவந்து என் சேலையப் புடிச்சிக்குதுங்க மிஸ். எனக்கே பயமா இருக்கு. நான் யாரப் புடிச்சிக்கிறது?”

பயிற்சியாளரிடம் உடனே பதில் இல்லை. அந்த ஆசிரியையும் அதே மலைச்சரிவில், அதே லயத்தில் குடியிருப்பவர். அவருடைய பயத்தைக் கேட்க ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்காத நிகழ்ச்சி நிரலைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதியத்துக்குப் பிறகு பாடத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேசவிட்டார்கள். அந்த நாளின் உருப்படியான வேலை அதுதான்.

மூன்று சொற்களில் கடினமானது ‘இணை’. தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். ஆனால் தொடர்ந்து சிகிச்சை தேவைப்படும் பிள்ளையை லுணுகலைப் பக்கத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு முழு நாள் வேண்டும். தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். இரண்டாம் முறை அவள் போகமாட்டாள். நிறை பார்க்கக் குடும்பநல மாது தோட்டத்துக்கு வருகிறாரே, அதே நாளில் மனநல உத்தியோகத்தர் ஒருவரும் காம்பராவுக்கு வரட்டும் என்று அந்த ஆசிரியைகள் கேட்டார்கள். கோரிக்கையை அங்கேயே கடிதமாக எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.