கூலிப் புத்தகத்தில் இல்லாத கைகள்

தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. நெசவாளி என்று பெயர் வாங்குபவர் ஒருவர்தான். நெய்கிறவர்கள் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்க்க அவ்வப்போது வெளியூர்க்காரர்கள் வருவார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கும் அப்பாவைப் படம் எடுப்பார்கள். ஜக்கார்டு அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரள்வதைப் படம் எடுப்பார்கள். சுவரோரம் ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆயாவை ஒருவரும் எடுத்ததில்லை. கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, பின்னால் இருக்கும் ஜரிகையைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஆயாவின் வேலை தார் சுற்றுவது. பரிவட்டத்தில் மாட்டிய பட்டுக் கழியிலிருந்து இழையை இழுத்து, ஊடை இழையைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னக் குழலில் ஏற்ற வேண்டும். வலது கை ராட்டையைச் சுற்றும். இடது கையின் இரண்டு விரல் இழையைப் பிடித்து ஏற்றி இறக்கும். பிடி தளர்ந்தால் தார் பொதபொதவென்று உப்பி, நாடா ஓடும்போது நூல் கொத்தாகச் சரியும். இறுக்கினால் பாதி வழியில் இழை அறும். ஆயாவுக்குக் கண் மங்கிய பிறகும் விரல் மங்கவில்லை. அரக்குக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் வித்தியாசம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆனால் இழையில் ஒரு பிசிறு வந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராட்டை தானாக நின்றுவிடும்.

நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தயார் செய்ய வீடே போதாது, தெரு வேண்டும். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை. அந்த நீளத்துக்கு இழைகளை விரிக்க எந்தக் கூடத்தில் இடம் இருக்கிறது? விடியற்காலையில், வண்டிகள் வருவதற்கு முன்னால், தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததைக் கண்டுபிடித்து இணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் நிற்க வேண்டும். இதற்குக் கணக்கு எழுதி நான் பார்த்ததில்லை.

சுருட்டிய பாவைத் தறியில் ஏற்றுவது அடுத்த வேலை. பழைய பாவின் நுனிகள் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே நிற்கும். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தந்தப் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். இதுதான் பாவு பிணைப்பது. அம்மா ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பலை வைத்துக்கொண்டு உட்காருவாள். விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு உருட்டு, ஒரு மடக்கு, அடுத்தது. முடிச்சு கிடையாது, முடிச்சாக இருந்தால் அச்சுப் பல்லில் மாட்டும். இப்படி ஆயிரக்கணக்கில். ஓர் இழை மாறிப்போனால் அதன் பிறகு வருவதெல்லாம் மாறிப்போகும் என்பதால், அம்மா பிணைக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினால் அப்பாதான் எழுந்து போவார்.

இதற்கெல்லாம் பிறகுதான் நெசவு. அதிலும் கோர்வைச் சேலை என்றால் தறியிலேயே இரண்டு பேர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தலா ஒரு நாடா என்று மூன்று நாடா ஓடும். உடலின் இழை கரையின் இழையைச் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருவரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை நீட்ட முடியாது. ஆகவே நெய்கிறவர் பக்கத்தில் கரை போட ஓர் ஆள்.

எங்கள் தறியில் அந்த ஆள் பல வருஷம் அக்கா, பிறகு கொஞ்ச காலம் நான், கடைசியில் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால், “நாடாவைப் பாருடா, தெருவைப் பாக்காத” என்பதுதான் அப்பா அதிகம் சொன்ன வார்த்தை. முந்திக்கு வேறு நிறம் என்றால் பெட்னி போட வேண்டும். உடலின் பாவு இழைகளை விட்டுவிட்டு முந்தியின் இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து மாற்றுவது. அன்று சேலை ஒரு விரற்கடைகூட வளராது. ஆனால் வீடு முழுக்க வேலை செய்திருக்கும்.

இதை அழகான குடும்பக் காட்சியாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கரை போட உட்கார்ந்த பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. கடனுக்காக அடுத்தவர் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளும் இந்த ஊரில் இருந்தார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பிள்ளைகள் தறியை விட்டு எழுந்தார்கள். எழுந்தது நல்லது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகள் எழுந்த இடம் காலியாக இருக்கவில்லை, பெண்கள் உட்கார்ந்தார்கள். சமையல் முடித்து, ஆயாவுக்கு மருந்து கொடுத்து, தார் சுற்றிவிட்டு, பிறகு கரைக்கு உட்கார்ந்தாள் அம்மா. 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பதாகச் சொல்கிறது. அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். கணக்கெடுப்புக்குத் தெரிந்தது, சங்கமும் முதலாளியும் எழுதும் கூலிப் புத்தகத்துக்குத் தெரியவில்லை. அதில் சேலைக்கு ஒரு கூலி, அதற்கு நேரே ஒரு பெயர்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லாதவர் பாவு பிணைக்க வெளியாளைக் கூப்பிட்டால் கூலி கொடுக்கிறார். கரைக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்கிறார். அதே வேலையை மனைவி செய்தால் அது வேலையே இல்லை, வீட்டுக்கு ஒத்தாசை. கையும் விரலும் சாம்பலும் அதேதான். வீட்டு வாசற்படிக்கு உள்ளே நடந்தால் மட்டும் உழைப்பின் விலை பூஜ்ஜியமாகிவிடுகிறது.

கோர்வை நெய்ய ஆள் குறைந்துவிட்டார்கள் என்று கடைக்காரர்கள் குறைப்படுகிறார்கள். குறையாமல் என்ன செய்யும்? இரண்டு பேர் உழைப்புக்கு ஒருவர் கூலி என்றால், விவரம் தெரிந்த வீட்டில் இரண்டாவது ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். என் அக்கா மகள்கள் யாரும் கரைக்கு உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

நெசவாளர் சங்கங்களும் முதலாளிகளும் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கோர்வைச் சேலைக்குக் கூலி எழுதும்போது கரைக்கு உட்கார்ந்தவர் பெயரையும் அடுத்த வரியில் எழுதுங்கள். அவர் பங்கைத் தனியாக, அவர் கையில் கொடுங்கள். தாருக்கும் பிணைப்புக்கும் வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியையே வீட்டாளுக்கும் போடுங்கள். சேலை வாங்குகிறவர்கள் அதற்காகச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பட்டுக்கும் ஜரிகைக்கும் விலை கேட்டுக் கொடுக்கிறவர்கள், இதையும் கொடுக்கத்தான் வேண்டும்.