கோபக்குரலின் உள்ளே ஒரு கேள்வி



நெகேமியாவின் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். எருசலேமின் அலங்கம் எழும்பிக்கொண்டிருக்கும் நாட்களில் ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்தினிமித்தம் சிலர் நிலத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்திருந்தார்கள். சிலர் ராஜாவுக்குத் தீர்வை செலுத்தக் கடன்பட்டிருந்தார்கள். பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாக்க வேண்டிய நிலை சிலருக்கு நேர்ந்திருந்தது. அதைக் கேட்ட நெகேமியாவுக்குக் கோபம் மூண்டது. ஆயினும் வாய் திறப்பதற்கு முன் அவர் தமக்குள்ளே சிந்தித்தார். அதன் பின்பே பேசினார். அந்தச் சிறு இடைவெளியைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மும்பையில் வீட்டுக்கடன் முகவராகப் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த அதிகாரம் அன்றாடப் பாடமாகிவிட்டது. அடைமானம் வைத்தவர்களின் கூக்குரல் எனக்குக் கைபேசி வழியாக வருகிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் அழைப்புகள் இரவு பத்து மணிக்கும் ஓய்வதில்லை.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாராவியிலும் சயானிலும் ஒற்றை அறையில் வாழ்ந்து, டோம்பிவிலியிலோ கல்யாணிலோ நாலாசோப்பாராவிலோ சொந்தமாக ஒரு வீடு வாங்கத் துணியும் குடும்பங்களின் காகிதங்களைச் சேகரித்து வங்கியில் ஒப்படைக்கிறேன். வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்க்கிறார். பொறியாளர் கட்டடத்தைப் பார்க்கிறார். சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதை வங்கியே முடிவு செய்கிறது. பணம் பட்டுவாடா ஆனால்தான் எனக்குக் கமிஷன். ஆனால் கடன் கேட்டவருக்கு அந்த வழக்கறிஞரையும் தெரியாது, பொறியாளரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே குரல் என்னுடையது. ஆகவே எங்கே தடை ஏற்பட்டாலும் கோபம் என் காதுக்கே வந்து சேருகிறது.

பல ஆண்டுகள் இந்தக் குரல்களைக் கேட்டபின் நான் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. ஒவ்வொரு கோபக்குரலின் உள்ளேயும் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தின் உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. கூச்சலுக்குப் பதில் சொல்லப் போனால் சண்டை வளரும். கேள்விக்குப் பதில் சொன்னால் கூச்சல் தானாக அடங்கும்.

ஓர் உதாரணம் கேளுங்கள். ஒருவர் 60 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு டோக்கன் பணம் கொடுத்துவிட்டு வருகிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே அவருக்கு 48 லட்சம் வரைதான் கிடைக்கும். 12 லட்சம் கையிலிருந்து வரவேண்டும். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அதற்கு மேலே தனி. இதைச் சொன்னவுடனே, "முழுப் பணமும் கிடைக்கும் என்று பில்டரின் ஆள் சொன்னான், நீயும் அவனும் கூட்டு" என்று கத்துகிறார். அவர் உண்மையில் கேட்பது என்ன? "நான் கொடுத்த டோக்கன் பணம் போய்விடுமா?" என்பதே. அந்தக் கேள்வியை நானே எடுத்து அவர் முன் வைத்து, "ஒப்பந்தத்தில் கடன் கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று எழுதியிருக்கிறதா, எடுத்து வாசியுங்கள், விற்பவரிடம் அவகாசம் கேட்டு இன்றே ஒரு கடிதம் எழுதுவோம்" என்றால், குரல் இறங்கிவிடுகிறது.

இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை அழைத்தார். இந்தியிலும் தமிழிலும் அவர் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. "ஒழுங்காகத் தவணை கட்டுகிறேன், அசல் குறையவே இல்லை, என்னை ஏமாற்றிவிட்டாய்" என்பதே அவருடைய குற்றச்சாட்டு. வட்டி மாறக்கூடியது என்று கடன் வாங்கிய நாளிலேயே அவருக்குச் சொல்லியிருந்தேன், அவரும் கையெழுத்திட்டிருந்தார். ஆனால் எரிகிற வீட்டின் முன் நின்று பழைய காகிதத்தைக் காட்டுவதால் என்ன பயன்?

2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. அதோடு வீட்டுக்கடன் வட்டியும் ஏறியது. கணக்கு விளங்கும்படி பாருங்கள். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகள், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 23,259 ரூபாய். ஓராண்டு கட்டியபின் நிலுவை ஏறக்குறைய 29,28,600 ரூபாய். வட்டி 9.5 சதவீதமாகிவிட்டால் அந்த நிலுவைக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,185 ரூபாய். தவணையை உயர்த்தாமல் அப்படியே விட்டால் அசலில் குறைவது மாதத்துக்கு 74 ரூபாய்தான்! வட்டி படிப்படியாகவே ஏறியது என்றாலும் பல குடும்பங்களின் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான் நின்றது. தவணை மாறாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். தவணைக்குப் பதிலாகக் கடனின் காலம் நீண்டுகொண்டே போயிற்று.

அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "அண்ணாச்சி, நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கடன் நிற்குமோ என்றுதானே பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பின்பு, "பொம்பளைப் பிள்ளை ரெண்டு இருக்குய்யா" என்றார். மறுநாள் இருவரும் வங்கியின் கணக்கறிக்கையை வரிவரியாகப் பார்த்தோம். தவணையை உயர்த்தலாம், கையில் உள்ளதை அசலில் கட்டலாம், மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. அவர் தவணையைக் கூட்டிக்கொண்டார். போனஸ் பணத்தை அசலில் கட்டினார். திட்டியதற்காக அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. "சரி, வையும்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அதுவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணை, காலம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றத்தை வங்கி கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். எதைக் கூட்டுவது என்று தெரிந்தெடுக்க அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டில் ரெப்போ விகிதம் படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. நீங்கள் கடன்பட்டவராயின், உங்கள் கடன் எந்த ஆண்டில் முடிகிறது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கத்துகிறவர்களே கடினமானவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு நேர்ந்த மிகக் கடினமான அழைப்பு மிகவும் மெதுவான குரலில் வந்தது. சபையில் எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு சகோதரர். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் கடன் வேண்டும் என்றார். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். அவருடைய சம்பளமோ 52,000. "பிரதர், சம்பளச் சீட்டில் 75,000 என்று போட்டுத் தர ஒருவர் இருக்கிறார். நீங்கள் கண்டுகொள்ளாமல் ஃபைலை உள்ளே கொடுத்தால் போதும். கர்த்தர் எனக்காகத் திறந்த வாசலை நீங்கள் அடைக்கலாமா?" என்று கேட்டார்.

அன்று அவருடைய கேள்வியும் எனக்குக் கேட்டது. உடன்பிறந்தவர்கள் எல்லாரும் வீடு வாங்கிவிட்டார்கள். தான் மட்டும் வாடகை வீட்டில் இருப்பது தேவன் தன்னை மறந்ததற்கு அடையாளமோ என்பதே அது. அதற்கு என்னால் இயன்ற ஆறுதலைச் சொன்னேன். ஆனால் பொய்ச் சீட்டுக்கு இணங்கவில்லை. "தவணை போக மீதி 17,000 ரூபாயில் நான்கு பேர் இந்த நகரத்தில் எப்படிச் சாப்பிட்டுப் பள்ளிக்கட்டணமும் கட்டுவது? இன்னும் சிறிய வீடு பார்ப்போம், நான் உடன் வருகிறேன்" என்றேன். அவர் வரவில்லை. எனக்கு விசுவாசமில்லை என்று பலரிடம் சொன்னார். ஆராதனைக்குப் பின் எங்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடும் வழக்கம் நின்றுபோயிற்று. இன்றும் அவர் என்னோடு பேசுவதில்லை. என் மனைவியும் நானும் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லாத நாளில்லை. சாந்தமாகப் பேசினால் எல்லாரும் நண்பராவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல என்னால் இயலாது. சாந்தத்தோடு உண்மையும் சேரும்போது சில வேளைகளில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் நடைமுறைகள் சிலவற்றையும் சொல்கிறேன். கடையிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ பிறருடைய கோபத்தைத் தாங்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இவை உதவக்கூடும்.

அழைத்தவர் பேசி முடிக்கும்வரை இடைமறிப்பதில்லை. கேட்பதைத் தாளில் குறித்துக்கொள்கிறேன். எழுதும் கை, பதில் சொல்லத் துடிக்கும் நாவை அடக்குகிறது. பின்பு அவர் சொன்னதை என் வார்த்தையில் திரும்பச் சொல்லி, "இதுதானே?" என்று கேட்கிறேன். என் கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பதில்லை. "வியாழக்கிழமை மாலை அழைக்கிறேன்" என்று சொன்னால், புதிய செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும் வியாழக்கிழமை மாலை அழைத்துவிடுகிறேன். பாதிக் கோபம் காத்திருப்பதில் பிறப்பதே.

குடித்துவிட்டு இரவில் அழைக்கிறவர்களோடு விவாதிப்பதில்லை. அபிகாயில் தன் புருஷனாகிய நாபாலிடம் அன்றிரவே எதையும் சொல்லவில்லை. அவன் வெறி தெளிந்த காலையில்தான் சொன்னாள். அந்த ஞானம் நமக்கும் வேண்டும். எப்பிராயீம் மனுஷர் கிதியோனிடம் பலமாய் வாக்குவாதம் பண்ணினபோது, அவன் தன் வெற்றியைச் சிறிதாகவும் அவர்களுடைய செயலைப் பெரிதாகவும் பேசினான். அவர்கள் கோபம் தணிந்தது. "இத்தனை நாள் பொறுமையாக இருந்தீர்கள், வேறொருவராயிருந்தால் முன்பே அழைத்திருப்பார்" என்ற ஒரு வார்த்தை, அது உண்மையாயிருக்கும்போது, எவ்வளவோ வேலை செய்கிறது.

தாயையும் மனைவியையும் இழுத்துப் பேசினால், "அண்ணாச்சி, இந்த வார்த்தையோடு என்னால் பேச முடியாது. ஒரு மணி நேரம் கழித்து நானே அழைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்; சொன்னபடி அழைக்கிறேன். இது சாந்தத்துக்கு விரோதமாகாது. பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் அறைந்தபோது நம் ஆண்டவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் தாம் பேசியதில் தவறு என்னவென்று அவனிடம் கேட்டார்.

கடைசியாக ஒன்று. பகலெல்லாம் கேட்ட கோபத்தை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனால் அதன் பாரம் பிள்ளைகள் மேல் விழும். ஆகவே ரயிலை விட்டு இறங்கியதும் பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருகிறேன். அன்று திட்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறேன். ஒருவருக்காக ஜெபித்துவிட்டு அவர்மேல் கசப்போடு வீட்டுக்குள் நுழைவது கடினம்.

பிரியமானவரே, நீங்களும் ஒருநாள் இப்படி ஒருவரை அழைப்பீர்கள். அவர் கால் சென்டரில் இரவுப்பணி செய்யும், நம் சபைகளில் ஒன்றைச் சேர்ந்த ஒரு வாலிபப் பெண்ணாகக்கூட இருக்கலாம். அழைக்கும் முன் கடன் எண்ணையும் காகிதங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயம் என்னவென்று முதலில் உங்களுக்குள்ளே கேட்டு, அதையே கேள்வியாகக் கேளுங்கள். வங்கியில் எழுத்து மூலம் புகார் செய்து 30 நாட்களாகியும் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உங்கள் நியாயத்தை நிலைநாட்ட வழி இருக்கிறது. அதற்காக எதிர்முனையில் இருப்பவருடைய மனதைக் காயப்படுத்தத் தேவையில்லை.

கர்த்தர் உங்கள் வீட்டையும், அந்த வீட்டிலிருந்து புறப்படும் உங்கள் வார்த்தைகளையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.