நாலாவது ஒயர்

இன்றைய கம்ப்யூட்டர் விசிறியிலிருந்து நான்கு ஒயர்கள் வெளியே வருகின்றன. கறுப்பு, கிரவுண்ட். மஞ்சளில் 12 வோல்ட். பச்சை, விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குத் தெரிவிக்கிறது. நான்காவது நீலம். சில கம்பெனிகள் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டாலும் வரிசை மாறுவதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய விசிறிகளில் மூன்று ஒயர்தான். இன்னும் பழையதில் இரண்டே இரண்டு. நீல ஒயரை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்று தேடப் போய்த்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் இரைகிறது, அந்த இரைச்சலோடு யார் யார் மல்லுக்கு நின்றார்கள் என்ற கதை முழுதும் கைக்கு வந்தது.

தேவை என் தொழிலில் இருந்தது. புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவன் நான். சென்னையில் வீட்டின் ஓர் அறைதான் ஸ்டுடியோ. பதிவு தொடங்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுவேன், ஜன்னலைச் சாத்திவிடுவேன். அதற்குப் பிறகு மேஜைக்கடியில் இருக்கும் பெட்டியின் உறுமல் மட்டும் மிஞ்சும். மைக் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். சத்தமில்லாத பெட்டியை நானே கட்டிவிடுவது என்று இறங்கினேன். பாகங்கள் ரிச்சி தெருவில் கிடைத்தன. விளக்கம் கிடைக்கவில்லை. "நாலாவது பின்னு ஸ்பீடு கன்ட்ரோலுக்கு சார். மாட்டுனா நல்லது, மாட்டாட்டியும் ஓடும்" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல நேரமில்லை.

வீட்டுப் பெட்டிக்குள் விசிறி எப்போது நுழைந்தது என்பதிலிருந்து தொடங்கினேன். 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டர், சுமார் 18,000 வால்வுகளோடு 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. அந்த வெப்பத்தை வெளியேற்றத் தனி ஊதுவிசிறிகள் இருந்தன. அது அறை நிறைந்த இயந்திரம். 1977இல் வீட்டு மேஜைக்கு வந்த ஆப்பிள் II-வில் விசிறியே கிடையாது. ஸ்டீவ் ஜாப்ஸ் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். அன்று வழக்கத்தில் இருந்த லீனியர் பவர் சப்ளை, கூடுதல் வோல்டேஜை வெப்பமாக எரித்துத்தான் குறைக்கும். அடாரியிலிருந்து வந்த ராட் ஹோல்ட் என்ற எஞ்சினியர் வேறு வழியில் போனார். மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, வேண்டிய அளவை மட்டும் உள்ளே விடும் ஸ்விட்ச்சிங் சப்ளையை ஆப்பிளுக்காக வடிவமைத்தார். அந்த முறை விண்வெளிக் கருவிகளில் முன்பே இருந்ததுதான். வீட்டுப் பெட்டிக்குள் அது வந்ததால் வெப்பம் குறைந்தது. விசிறிக்கு வேலையில்லாமல் போனது.

அடைத்துக் குறைப்பதா, வெட்டிக் குறைப்பதா? இந்த இரண்டு வழிகளையும் இங்கே குறித்துக்கொண்டேன். நீல ஒயர் வரைக்கும் இதே கேள்விதான் வேறு வேறு உருவில் திரும்ப வந்தது.

விசிறியை ஒழிக்கும் கனவு நீடிக்கவில்லை. ஆப்பிள் II-வின் ஸ்லாட்டுகளில் அட்டைகளைச் சொருகச் சொருக அது சூடேறியது. கென்சிங்டன் கம்பெனி 'சிஸ்டம் சேவர்' என்ற பெயரில் பக்கவாட்டில் மாட்டும் விசிறியை விற்றது, மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 1980இல் வந்த ஆப்பிள் III-யிலும் விசிறி இல்லை. சூட்டில் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து கழன்றுகொண்டால், பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேஜையில் போடச் சொன்னார்கள் என்பது அந்த இயந்திரத்தைப் பற்றி இன்றைக்கும் சொல்லப்படும் கதை. 1984இல் வந்த மெக்கின்டாஷும் விசிறியற்றதே. ஜாப்ஸ் 1985இல் ஆப்பிளை விட்டுப் போனார். 1987இல் வந்த மெக்கின்டாஷ் எஸ்இ-க்குள் விசிறி குடியேறிவிட்டது.

ஐபிஎம்முக்கு இந்தத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. 1981இல் வெளியான அதன் பிசியில் பவர் சப்ளைக்குள்ளேயே ஒரு விசிறி இருந்தது. சப்ளையின் மொத்தத் திறன் 63.5 வாட். 8088 பிராசசரின் தலையில் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு தகடுகூட இல்லை. 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பம் கக்கியது. அதன் மேல் தகடும் விசிறியும் ஏறின. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் ஒரு சுவாரசியமான முயற்சி இருக்கிறது. பவர் சப்ளை விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து நேரே பிராசசர் மேல் ஊதட்டும், பிராசசருக்கென்று தனி விசிறி வேண்டாம் என்று எண்ணினார்கள். ஆனால் பவர் சப்ளையைக் கடந்து வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிட்ட காற்று. கொஞ்ச காலத்தில் அந்த விசிறி மறுபடி வெளியே ஊதத் தொடங்கியது. பிராசசர் விசிறியும் போகவில்லை.

விசிறிகள் பெருகின, எல்லாம் ஒரே வேகத்தில் ஓடின. 12 வோல்ட் கிடைத்தால் முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம்; நடுவில் எதுவும் கிடையாது. கோடை நண்பகலில் கடும் வேலை செய்யும்போது எவ்வளவு காற்று தேவையோ, அதே காற்று மார்கழி இரவில் ஒரு கடிதம் தட்டும்போதும் வீசியது.

அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகிறது. ஆனால் தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிறது. சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்குகிறது. 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். விட்டத்தைக் கூட்டினால் லாபம் இன்னும் பெரிது. 80 மில்லிமீட்டர் விசிறி 2,500 சுற்றில் தள்ளும் காற்றை, அதே வார்ப்பில் செய்த 120 மில்லிமீட்டர் விசிறி ஏறக்குறைய 740 சுற்றிலேயே தள்ளிவிடும். நிசப்தப் பெட்டிக் கலை முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது: பெரிய விசிறி, மெதுவான சுழற்சி.

மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கு முன்னாலேயே இதைப் பிடித்துக்கொண்டவர்கள் வீட்டில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தவர்கள். அவர்களுடைய பழைய தந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஏழு வோல்ட் வித்தை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்ட். விசிறியின் கறுப்பு ஒயரை கிரவுண்டில் சேர்க்காமல் சிவப்பில் சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் விசிறிக்குக் கிடைக்கும்: 12 கழித்தல் 5, ஏழு. ஒரு பாகமும் வாங்க வேண்டாம், சால்டரிங்கூட வேண்டாம். கனெக்டரில் பின்னை இடம் மாற்றினால் போதும். ஐந்து வோல்ட்டில் சில விசிறிகள் கிளம்பவே கிளம்பாது. ஏழில் பெரும்பாலும் கிளம்பிவிடும், சத்தமும் அடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் சிரத்தையுள்ளவர்கள் எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசியோடு ஒரு குமிழைச் சேர்த்து வேகத்தைத் திருகினார்கள். கொரியாவின் சால்மன் கம்பெனி அத்தகைய குமிழை 'ஃபேன் மேட்' என்று விற்கவும் செய்தது. ஹார்ட் டிஸ்க்கின் அதிர்வு பெட்டியின் தகட்டுக்கு ஏறாமலிருக்க, தையல் கடை எலாஸ்டிக்கில் அதைத் தொங்கவிட்டவர்களும் இதே கூட்டம்தான்.

இவற்றில் குமிழ்கள் எல்லாம் அடைத்துக் குறைக்கும் வழியைச் சேர்ந்தவை. மிச்ச வோல்டேஜ் எல்எம்317-இன் முதுகில் சூடாகப் போய்விடும். குமிழைத் திருக ஆள் வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. விசிறி செத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற பெரிய தொல்லைக்கு மூன்றாவது ஒயர் முன்பே பதில் சொல்லியிருந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்புவது அதன் வேலை. 1990களில் வந்த எல்எம்78 போன்ற கண்காணிப்புச் சில்லுகள் அந்தத் துடிப்பை எண்ணி, வெப்பத்தையும் வோல்டேஜையும் அளந்து சொல்லின. மதர்போர்டுக்குப் பார்வை வந்தாயிற்று. கைதான் வரவில்லை.

அதை வரவழைத்தது அமைதியின் மேலுள்ள ஆசை அல்ல, வெப்பம். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கு வேண்டிய வோல்டேஜும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் ஏறாது என்று ராபர்ட் டெனார்டும் அவருடைய ஐபிஎம் சகாக்களும் 1974இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அந்தக் கணக்கை நம்பி நடந்தது. 90 நானோமீட்டர் அளவை எட்டியபோது, அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசிந்தது, கணக்கு பொய்த்தது. 2004 பிப்ரவரியில் வந்த 'பிரெஸ்காட்' பென்டியம் 4-இன் வேகமான ரகங்கள் 100 வாட்டைத் தாண்டின. அதே ஆண்டு மே மாதம், அடுத்து வரவிருந்த 'தேஜஸ்' பிராசசரை இன்டெல் கைவிட்டது. ஜூனில் 775 முனைகள் கொண்ட புதிய சாக்கெட் வந்தது. அந்த போர்டுகளில், பிராசசர் விசிறிக்கான இடத்தில் மூன்று பின்களுக்குப் பக்கத்தில் நான்காவது நின்றது.

நீல ஒயருக்கு இன்டெல் எழுதிய விதிமுறை சில பக்கங்களே கொண்ட ஆவணம். அதைப் படித்தபோது மூன்று விஷயங்கள் என்னை நிறுத்தின. முதலாவது, விசிறிக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகிறது. வேகத்துக்கான கட்டளை மட்டும் நீல ஒயரில் தனியே போகிறது. விசிறியின் நடுவிலுள்ள சில்லு அதைப் படித்து மோட்டாரை வெட்டி வெட்டி ஓட்டுகிறது. மூன்று ஒயர் விசிறியில் 12 வோல்ட்டையே வெட்டினால், துடிப்பு அனுப்பும் மின்சுற்றுக்கும் மின்சாரம் விட்டுவிட்டுப் போய் எண்ணிக்கை குழம்பும். கட்டளையையும் சாப்பாட்டையும் பிரித்ததில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது, நீல ஒயரில் கட்டளையே வராவிட்டால் விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும். ஒயர் அறுந்தாலும் மதர்போர்டு மயங்கினாலும் பிராசசர் பிழைத்துக்கொள்ளும். ரிச்சி தெரு கடைக்காரர் ஒரே வரியில் சொன்னதும் இதைத்தான்.

மூன்றாவது, வெட்டும் வேகம். வினாடிக்கு 25,000 முறை. 21,000 முதல் 28,000 வரை இருக்கலாம். ஏன் இந்த எண் என்பதற்குப் பதில் என் அறையின் கூரையிலேயே இருந்தது. சீலிங் ஃபேனுக்கு முன்பு பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருக்கும். உள்ளே கம்பிச் சுருள், தொட்டால் சுடும். அது அடைத்துக் குறைக்கும் வழி. பிறகு வந்த சிறிய எலக்ட்ரானிக் குமிழ், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையையும், அதாவது வினாடிக்கு 100 முறை, வெட்டுகிறது. வெட்டுக்கு வெட்டு மோட்டார் சுருள் அதிரும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன், "எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல ஸ்லோவா வச்சா ங்ங்னு இரையும் சார், கண்டன்சர் டைப் போட்டுக்குங்க" என்று எப்போதோ சொன்னதற்குக் காரணம் இதுதான். 100 ஹெர்ட்ஸ் காதில் விழும் சத்தம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. கேட்கும் எல்லைக்கு மேலே போய் வெட்டினால், வெட்டு நடக்கும், அதன் ஓசை யாருக்கும் எட்டாது. ஹோல்டின் பவர் சப்ளையில் வெப்பத்தைத் தவிர்த்த அதே வழி, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து ஓசையையும் தவிர்க்கக் கற்றுக்கொண்டு விசிறிக்குள் வந்திருக்கிறது.

என் பெட்டி இந்தத் தேடலின் ஊடாகவே உருவானது. 65 வாட் பிராசசர். அதன் மேல் வெப்பக்குழாய்கள் பதித்த கோபுரத் தகடு. தாமிரக் குழாய்க்குள் துளி நீர் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்ப வரும். 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய குழாய் அது. ஜெனரல் மோட்டார்ஸின் காக்லர் 1940களிலேயே இதே எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். தகட்டுக்கு ஒன்று, பெட்டியின் பின்புறம் ஒன்று என்று 120 மில்லிமீட்டர் விசிறிகள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, எலாஸ்டிக்குக்கு வேலையில்லை.

மிச்சம் இருந்தது, எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற வரைகோடு. மதர்போர்டோடு வரும் கோடு எச்சரிக்கையாக வரையப்பட்டது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்த ஒரு நொடிக்கு வெப்பம் எகிறினாலும் விசிறி சீறி எழும். காதைத் தொல்லை செய்வது நிதானமான ஓசை அல்ல, ஏறி இறங்கும் ஓசை. ஆகவே கோட்டைத் தட்டையாக்கி, வேகம் மாறுமுன் சில வினாடி காத்திருக்கச் சொன்னேன். சென்னைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. தகடும் விசிறியும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு கால் டிகிரி என்ற திறன் கொண்டவை என்றால், 65 வாட்டுக்குப் பிராசசர் அறையைவிட 16 டிகிரி சூடாக இருக்கும். 25 டிகிரி அறையில் 41. ஃபேன் நிறுத்திய மே மாத அறையில் 51. பிராசசர் தன்னைத்தானே மந்தமாக்கிக்கொள்வது பொதுவாக 95, 100 டிகிரியில்தான். அவ்வளவு இடைவெளி இருக்கும்போது 45 டிகிரிக்கே விசிறியை விரட்டத் தேவையில்லை.

லினக்ஸில் இந்த நீல ஒயரின் மறுமுனை ஒரு சாதாரண ஃபைல். அதில் 0 முதல் 255 வரை ஓர் எண் எழுதினால் வேகம் மாறும். பதிவு தொடங்கும்போது என் சிறு ஸ்கிரிப்ட் அந்த எண்ணைத் தாழ இறக்குகிறது. வெப்பம் 80-ஐத் தொட்டால் மட்டும் பிடியை விட்டு மதர்போர்டிடமே ஒப்படைக்கிறது. வாசிப்பைப் பதிவு செய்வது பிராசசருக்கு இலகுவான வேலை, எனவே ஓர் அத்தியாயம் முடியும்வரை பெரும்பாலும் அந்த நிலை வருவதில்லை. பதிவு முடிந்து ஒலியைச் சுத்தம் செய்யும் கனமான வேலை தொடங்கியதும் விசிறி வேண்டிய மட்டும் சுற்றிக்கொள்ளலாம், அப்போது மைக் அணைந்திருக்கும். விசிறியே கூடாது என்ற ஜாப்ஸின் பிடிவாதம் வெப்பத்திடம் தோற்றது. கம்ப்யூட்டர் செய்யும் வேலை வெப்பமாகாமல் போகாது. ஆனால் அதை எந்த நேரத்தில் வெளியேற்றுவது என்பதை நாம் முடிவு செய்துகொள்ளலாம். என் தொழிலுக்கு அந்த அளவு அதிகாரம் போதும்.