மில்லுக்கும் எங்களுக்கும் ஒரே மீற்றர்

கெட்டம்பேயில் நாங்கள் நாலு பேர் போர்டிங் இருந்த அறைக்குக் கீழே ஒரு மிளகாய் மில். மில்லுக்கும் முழு வீட்டுக்கும் ஒரே திரீ பேஸ் மீற்றர்தான். ஒரு மாதம் 450 யுனிட் ஓடியிருந்தது. "பில்லுல பாதி நீங்கதான் தரணும் தம்பி" என்றார் வீட்டுக்கார அக்கா. மகாபொல காசை நம்பி இருக்கிற எங்களுக்குத் தலையில் இடி.

கலைப்பீடம் என்றால் கணக்குத் தெரியாதா என்ன? மோட்டர் தகட்டில் 400 வோல்ற், 11 அம்பியர். மூன்று பேஸ். அப்போ 400 × 11 × 3, அதாவது 13.2 கிலோவாற். நாளுக்கு 2 மணித்தியாலம், மாதம் 20 நாள்: 528 யுனிட். கொப்பியைக் கொண்டுபோய் நீட்டினோம். கொஞ்சம் சத்தமாகவும் கதைத்துவிட்டோம்.

அக்கா பொறுமையாகப் பார்த்தார். "மொத்த பில்லே 450 தானே தம்பி. மில்லு மட்டும் எப்படி 528 எடுக்கும்?"

வாயடைத்துப் போனோம்.

அடுத்த நாள் ஆற்றைத் தாண்டி, பொறியியல் பீடத்து அண்ணா ஒருவரிடம் போனோம். 400 என்பது இரண்டு பேஸ் வயர்களுக்கு இடையில் உள்ளது; ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 தான் என்றார். மூன்று பேஸும் ஒன்றாக உச்சிக்குப் போகாது, 120 பாகை தள்ளித் தள்ளித்தான் வரும். அதனால் 230ஐ 3ஆல் பெருக்கலாம், அல்லது 400ஐ 3இன் வர்க்கமூலமான 1.732ஆல் பெருக்கலாம். நாங்கள் இரண்டையும் குழப்பியிருந்தோம். தகட்டில் இருந்த வலுக்காரணி 0.85ஐக் கண்டுகொள்ளவே இல்லை.

1.732 × 400 × 11 × 0.85 = 6,478 வாற். 40 மணித்தியாலத்துக்கு 259 யுனிட்.

"தகட்டில 5.5 கிலோவாற் என்றும் இருக்குதே?"

"அது மோட்டர் வெளியே தர்ற வலு. மீற்றர் எண்ணுறது உள்ளே போறதை."

அதோடு 11 அம்பியர் முழுச் சுமைக்குத்தான். மிளகாய் இல்லாமல் சும்மா சுற்றும்போது அவ்வளவு இழுக்காது. ஆக, 259 என்பதே உச்சக் கணக்கு.

அப்படியென்றால் மிச்சம் 191 யுனிட்டாவது மில்லுடையது இல்லை. கண்டிக் குளிருக்கு வாளியில் போடுகிற எங்கள் 1.5 கிலோவாற் ஹீற்றர், நாலு பேருக்கும் ஆளுக்கு 20 நிமிஷம்: நாளுக்கு 2 யுனிட், மாதம் 60. அதை அந்தக் கொப்பியில் நாங்கள் எழுதவே இல்லை.

பாதி என்று அக்கா சொன்னதும் பிழை, மில்தான் முழுக்க என்று நாங்கள் நின்றதும் பிழை. மன்னிப்புக் கேட்டோம். இப்போது மில்லுக்குத் தனியாக ஒரு சப் மீற்றர் இருக்கிறது. அதற்கான செலவில் பாதி எங்களுடையது.