பதினைந்து உதைகள்

2004, கலிபோர்னியா. ஈவோ வீடியோ கேம் போட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' என்ற சண்டை ஆட்டம். ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதுகிறார்கள். டைகோ ஆட்டுவிக்கும் கென் என்ற பாத்திரத்துக்கு மயிரிழை அளவுதான் உயிர் மிச்சம்.

வாங்கின் பாத்திரமான சுன்-லி தன் சூப்பர் உதையைத் தொடுக்கிறாள். சாதாரணமாகத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கரையும். கென் விழ அதுவே போதும். மிஞ்சிய ஒரே வழி 'பாரி'. அடி வந்து படும் கணத்தில், பின்வாங்காமல், எதிராளியை நோக்கி ஸ்டிக்கைத் தட்ட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் சில ஃபிரேம்களே அவகாசம். முதல் தட்டை ஊகத்தில்தான் போட்டாக வேண்டும். டைகோ 15 அடிகளையும் தட்டிவிட்டார், கடைசி அடியை அந்தரத்தில் எழும்பி. உடனே திருப்பியடித்துச் சுற்றையும் வென்றார்.

இப்படி ஆடுவதும் தற்காப்புக் கலைப் பயிற்சியே.

உடலில் அடி விழுவதில்லை, உண்மைதான். ஆனால் கெண்டோ வீரர்கள் 'மாஅய்' என்று பயிலும் இடைவெளிக் கணக்கு இங்கேயும் உண்டு. எதிராளியின் வீச்சுக்குச் சற்று வெளியே நிற்பது, அவர் வீசித் தவறியதும் உள்ளே பாய்வது, ஒரே அசைவைக் கை மறக்காதபடி திரும்பத் திரும்பப் பழகுவது, ஆயிரம் பேர் கத்தும்போதும் பதறாமல் இருப்பது: எல்லாம் களரியில் கேட்கும் அதே ஒழுக்கம்.

லாகூரின் அர்ஸ்லான் ஆஷ் இந்த ஒழுக்கத்தோடு 2019-இல் 'டெக்கன் 7' ஆட்டத்தில் ஈவோ ஜப்பான், லாஸ் வேகாஸ் ஈவோ இரண்டையும் வென்றார்.

டைகோ அன்று வாங்கை வென்றபின் இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாமிடம்தான் பெற்றார். உலகம் இன்றும் தேடிப் பார்ப்பது அந்தப் பதினைந்து தட்டுகளைத்தான்.