நுரைக்கலையேன்னு ஒரு கவலை, நுரைச்சுடுச்சேன்னு ஒரு கவலை

லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ படிக்கப் போன நம்ம ஊர்ப் பையன் பீர் கிட் வாங்குவது இப்போதெல்லாம் பெரிய அதிசயம் இல்லை. ஒரு டப்பாவில் தேன் பதத்தில் மால்ட் சாறு. மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பொட்டலம். கூடவே மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, அதன் தலையில் செருக ஏர்லாக் என்று ஒரு வளைந்த குழாய் (உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது). சாறைச் சுடுதண்ணீரில் கரைத்து, சர்க்கரை போட்டு, பச்சைத் தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கி, ஆறினதும் ஈஸ்டைத் தூவி மூடிவிட வேண்டியது. அரை மணி நேர வேலைதான். அப்புறம்தான் தூக்கம் போகும்.

முதல் கவலை, குமிழி வரலையே என்பது. ஒரு நாள் முழுக்க ஏர்லாக் முன்னாடி உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு "களுக்" சத்தம் கூட வராது. ஈஸ்ட் செத்துப் போச்சு என்று முடிவு கட்டி, இன்னொரு பொட்டலம் வாங்க ஓடுவார்கள். பெரும்பாலும் வாளி மூடி சரியாக அழுந்தியிருக்காது, வாயு ஓரமாகக் கசிந்து போய்க்கொண்டிருக்கும். அவ்வளவுதான். மூடியைத் திறக்காமல், வாளியின் உட்சுவரில் அழுக்கு நிறத்தில் நுரை வளையம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஹைட்ரோமீட்டர். ஆரம்பத்தில் 1.040 காட்டியது 1.010 பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாள் அதே இடத்தில் நின்றால் வேலை முடிந்தது. அதற்கு முன்னால் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால், மிச்ச சர்க்கரை பாட்டிலுக்குள் நுரைத்து, நடு ராத்திரியில் அலமாரிக்குள் தீபாவளி.

அடுத்தது வாசனை. பச்சை ஆப்பிள் மாதிரி அடித்தால் இன்னும் பக்குவம் ஆகவில்லை, பொறுக்க வேண்டும். அழுகின முட்டை வாசம் சில ஈஸ்டுக்குச் சகஜம், தானாகப் போய்விடும். தொண்டையை எரிக்கும் கார நெடி வந்தால் சூடு அதிகமாகிவிட்டது. வினிகர் புளிப்பு வந்தால்தான் ஆபத்து. வாளியைச் சரியாகக் கழுவவில்லை, இல்லை காற்றுப் பட்டுவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது.

கண் போயிடுமோ என்று ஒரு கேள்வியும் நம்ம ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் அது நுரைத்தது கெட்டுப் போனதால் வந்த சாவு அல்ல, சாராயத்தில் கலந்திருந்த மெத்தனாலால் வந்தது. மால்ட்டையும் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றால் அந்த அளவுக்கு மெத்தனால் வராது. பயப்பட வேண்டியது வாளிக்கு அல்ல, கேனில் வாங்கி ஊற்றுகிற கைக்கு.

சரி, இந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு அவிநாசிபாளையத்துக்கு வருவோம்.

முதலில் வருவது போலீஸ். 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஊருக்கு ஊர் டாஸ்மாக் கடை இருந்தாலும், சொந்த உபயோகத்துக்கென்று வீட்டில் ஒரு வாளி பீர் போட்டால் குற்றம். இங்கிலாந்தில் வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிற விதியை 1963லேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978ல் அனுமதித்தார்கள். நமக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

இரண்டாவது, வெயில். கிட் பொட்டலத்து ஈஸ்டுக்கு 18லிருந்து 22 டிகிரி இதமாக இருக்கும். சித்திரை மாதத்தில் இந்தப் பக்கத்து தார்ஸ் வீட்டுக்குள் ராத்திரி கூட அது கிடைக்காது. மேலே சொன்ன கார நெடி நிச்சயம்.

ஆனால் நுரைக்க வைக்கும் வித்தை இந்த ஊருக்குப் புதிதா என்றால், அதுதான் இல்லை. இட்லி மாவு வைக்கிற எந்த அம்மாவுக்கும் இது தெரியும். மார்கழியில் மாவு பொங்காது, அடுப்புப் பக்கத்தில் வைப்பார்கள். சித்திரையில் விடிவதற்குள் புளித்து வழியும், முன்கூட்டியே ஃபிரிட்ஜில் தள்ளுவார்கள். ஏர்லாக்கும் கிடையாது, ஹைட்ரோமீட்டரும் கிடையாது, மூக்கு மட்டும்தான். இன்னும் பின்னால் போனால் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் அரிசிக் கூழைக் காய்ச்சி, அகலமான தட்டில் ஊற்றி ஆற வைத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டு, பிழிந்து எடுக்கிற முறையே வருகிறது. சூடு ஆறுவதற்கு முன் ஈஸ்ட் போடாதே என்று இன்றைய கிட் அட்டையில் அச்சடிக்கும் எச்சரிக்கை அந்தத் தட்டிலேயே இருக்கிறது! வீட்டில் வடிக்கிற கள்ளுக்குத் தோப்பி என்று ஒரு பெயரும் அதே பாட்டில் உண்டு.

அப்புறம் தென்னை. பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் பாய்கிற பொங்கலூர், பல்லடம், காங்கேயம் வட்டாரத்தில் பனியன் கம்பெனிக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது தென்னந்தோப்புதான். தென்னம்பாளைக்குக் கிட் தேவையே இல்லை. பாளையைக் கட்டி, சில நாள் பதமாகத் தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சொட்டும் சாறில் 15 சதவீதம் அளவுக்கு சர்க்கரை. ஈஸ்ட் காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் தயாராகக் காத்திருக்கிறது. மால்ட்டைக் கரைக்க வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம், பொட்டலம் தூவ வேண்டாம். காலையில் கட்டின முட்டி சாயங்காலத்துக்குள் கள். ஒரு நாள் விட்டால் பீர் அளவுக்கு, அதற்கு மேலேயும், போதை ஏறிவிடும். லண்டன் பையன் இரண்டு வாரம் காத்திருந்து பெறுவதை இங்கே ஒரு மரம் கேட்காமலே கொடுக்கிறது.

கொடுப்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1லிருந்து கள் கிடையாது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கள்ளுக்கடை, இந்தப் பக்கம் கேஸ். தேங்காய் விலை சரிந்த வருடங்களில் எல்லாம் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2017ல் அரசு நீராவுக்கு மட்டும் வழி விட்டது. அதாவது அதே பாளை, அதே சாறு. ஆனால் நுரைக்கக் கூடாது. லைசென்ஸ் எடுத்து, நுரைக்காமல் பார்த்து இறக்கினால் சத்துபானம். நுரைத்துவிட்டால் குற்றம். சட்டத்தின் கோடு முட்டியின் நடுவில் ஓடுகிறது.

ஆக, லண்டன் பையனின் பிரச்சினைப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால், அவிநாசிபாளையத்தில் புதிதாக நீரா இறக்குபவரின் பட்டியல் கிடைத்துவிடும். அவனுக்குக் குமிழி வரவில்லை என்று கவலை. இவருக்கு ஒரே ஒரு குமிழி வந்தாலும் கவலை.

பழைய வைத்தியம் சுண்ணாம்பு. முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை ஏறி, ஈஸ்டும் பாக்டீரியாவும் அடங்கிக் கிடக்கும். கொங்குப் பக்கம் தெளுவு என்று சொல்வது அதைத்தான், மற்ற ஊரில் பதநீர். சுண்ணாம்பு குறைந்தால் மதியத்துக்குள் புளிக்கும். கூடினால் நாக்கில் பிடிக்கும், குடிக்கிறவர் முகம் சுளிப்பார். எவ்வளவு தடவுவது என்பது கை அறிவு. மரம் ஏறத் தெரிந்தவர் மகன் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் காலத்தில், அந்தக் கை அறிவை எங்கே போய்க் கற்பது?

புதிய வைத்தியம் குளிர். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பாளையில் மாட்டுகிற மாதிரி ஒரு ஐஸ் பெட்டி செய்து கொடுத்தது. சொட்டுகிற சாறு அந்தக் குளிருக்குள்ளேயே விழுகிறது, சுண்ணாம்பே வேண்டாம். நிறம் பொன் மாதிரி இருக்கும். யோசனை அருமைதான். ஆனால் ஐஸ் கரையும். 35 டிகிரியைத் தாண்டுகிற வெயிலில் இன்னும் சீக்கிரம் கரையும். மரத்துக்கு மரம் ஏறி ஐஸ் மாற்ற ஆள் வேண்டும், இறக்கினதும் ஐஸில் வைத்தே கூடத்துக்குக் கொண்டு போக வண்டி வேண்டும். நடுவில் அரை மணி கரண்ட் போனால் மறுபடி மூக்கை நம்ப வேண்டியதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் நிறம். பொன் நிறம் மங்கி வெள்ளையாகக் கலங்கினால் ஆரம்பித்துவிட்டது. பிறகு ஓரத்தில் மெல்லிய நுரை. பி.எச். தாள் இருந்தால் இன்னும் நல்லது. புதுச் சாறு 7க்குப் பக்கத்தில் நிற்கும். 6ஐ விட்டு இறங்க ஆரம்பித்தால் அது கீழேதான் போகும், திரும்பி ஏறாது. மூன்றில் இரண்டு தடவை குற்றவாளி வெயில் அல்ல, கழுவாத பாத்திரம். நேற்றைய சாறு ஒரு துளி மூலையில் ஒட்டியிருந்தால், அதற்குள் கோடிக்கணக்கில் ஈஸ்ட். இதற்குக் கழுவுகிற பவுடராகக் கிட்காரர்கள் வைத்திருப்பது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்தால் அது விடுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. திருப்பூரில் பனியன் துணியை வெளுக்க வைக்கிற அதே சரக்கு! பக்கத்து ஊரில் டன் கணக்கில் புழங்குகிற ஒன்று, தோப்புக்கு வரும்போது மட்டும் பெரிய தொழில்நுட்பம் ஆகிவிடுகிறது.

இவ்வளவு பார்த்தும் முதல் தடவை புளித்துவிட்டால்?

லண்டன் பையன் நண்பர்களைக் கூப்பிட்டு, "கொஞ்சம் புளிப்பு, ஆனா குடிக்கலாம்டா" என்று சமாளித்துவிடுவான். இங்கே அந்த வழி இல்லை, அதற்குப் பெயர் கள். காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாமா என்றால், புளித்த சாறில் சர்க்கரை உடைந்து போயிருக்கும். எவ்வளவு கிண்டினாலும் பாகு இறுகாது, பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டே நிற்கும். விறகு தண்டம். வினிகராக விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தென்னை வினிகருக்கு நல்ல மரியாதை உண்டுதான். ஆனால் சாறு வினிகர் ஆவதற்கு முன்னால் கள்ளாகித்தான் தீர வேண்டும், நடுவில் குறுக்குவழி கிடையாது. அந்த இரண்டு மூன்று நாளில் யாராவது வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தால், "இல்லைங்க சார், இது வினிகராப் போயிட்டு இருக்குங்க" என்று எப்படிப் புரியவைப்பது?

அதனால் பெரும்பாலும் அது மரத்தின் தூரிலேயே கொட்டப்படுகிறது. சாயங்காலம் பாளையை மறுபடி சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொண்டு நாளைக்குச் சொட்டாது.