பேசும் படத்தில் ஒரு மில்காரி

பிரிட்டிஷ் சினிமா பேச ஆரம்பித்த காலத்து நகைச்சுவைப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சிங் ஆஸ் வீ கோ’. 1934-இல் வந்தது. இயக்கம் பேசில் டீன், கதை நாவலாசிரியர் ஜே.பி. பிரீஸ்ட்லி, நாயகி கிரேசி ஃபீல்ட்ஸ்.

லங்காஷயரில் ஒரு பஞ்சாலையை மூடிவிடுகிறார்கள். வேலை போன கிரேசி சைக்கிளை மிதித்துக்கொண்டு பிளாக்பூலுக்குப் பிழைப்புத் தேடிப் போகிறாள். அந்தக் காலத்தில் கோடையில் ஒரு வாரம் மில்களைச் சாத்திவிட்டு ஊரே திரண்டு விடுமுறைக்குப் போன கடற்கரை அது. இவளோ அங்கே விடுதியில் எடுபிடி வேலை செய்கிறாள், மிட்டாய் விற்கிறாள், வேடிக்கைக் கொட்டகையில் மனிதத் தலையும் சிலந்தி உடலுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வேலையும் கைநழுவிப் போக, அடுத்ததற்கு ஓடுகிறாள். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். ஆனால் வயிற்றுப்பாடு என்ற நினைப்பு நம்மை விட்டுப் போவதே இல்லை.

இந்தப் படத்தில் நான் பெரிதாக மதிப்பது கிரேசி ஃபீல்ட்ஸின் பேச்சைத்தான். அன்றைய பிரிட்டிஷ் பேசும் படங்கள் பலவற்றில் லண்டன் நாடக மேடையின் மேட்டுக்குடி ஆங்கிலமே ஒலித்தது. கிரேசி பேசியது லங்காஷயர்த் தெருப் பேச்சு. 1898-இல் ராச்டேலில், பாட்டியின் மீன் வறுவல் கடை மாடியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பாதி நாள் பள்ளி, பாதி நாள் மில் என்று வளர்ந்தவர். அந்தப் பேச்சை அவர் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை. ஊமைப்படம் அவர் முகத்தைக் காட்டியிருக்கும். அவர் ஊரைக் காட்டியிருக்காது. ஒலி வந்ததால் மில்காரி தன் சொந்தக் குரலிலேயே நாயகியானாள்.

லங்காஷயர் மில்கள் மூடியதற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. இந்தியச் சந்தை கைவிட்டுப் போனது முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்நியத் துணி மறுப்பின் சூட்டிலேயே, 1931 செப்டம்பரில் காந்தி அங்கே போனார். டார்வனில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரிக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அந்தப் பெண்களின் கூட்டாளியாகத்தான் கிரேசியை நான் பார்க்கிறேன். படத்தில் இந்தியா என்ற பேச்சே இல்லை. அது ஒரு குறைதான்.

முடிவிலும் எனக்கு நிறைவில்லை. செயற்கைப் பட்டுக்கான புதிய முறை ஒன்று கிடைத்து, மில் திறந்துவிடுகிறது. நிஜத்தில் அத்தனை சுலபமாக எந்த மில்லும் திறக்கவில்லை. ஆனால் பிரீஸ்ட்லி ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. கிரேசி மனதுக்குள் விரும்பிய ஹ்யூ, அழகான ஃபிலிஸைத்தான் காதலிக்கிறான். கடைசியில் கிரேசிக்குக் கிடைப்பது மாப்பிள்ளை அல்ல, தொழிலாளர் நல அலுவலர் வேலை. தொழிலாளர்கள் பாடியபடி ஆலைக்குள் நுழையும்போது முன்னால் நடப்பவளும் அவள்தான்.